‘நொஷ்தி’ (இரவு): வேற்றுமை உருபில் சிக்கல், உதவி வேண்டும்

நூல்புழு:
பழைய திருச்சபை ஸ்லாவோனிக் மொழியை (ஸ்லாவிய மொழிகளில் முதன்முதலில் எழுத்துக்கு வந்த பழைய வேத மொழி) நானாகவே படித்து வருகிறேன். இரவுக்கு ‘நொஷ்தி’, வழிக்கு ‘பொந்தி’. இரண்டும் முடிவது ஒரே குட்டை இகரத்தில்தான். பொந்திக்கு மூன்றாம் வேற்றுமை ‘பொந்திமி’. அதே அச்சில் ‘நொஷ்திமி’ என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் ‘நொஷ்தியொன்’ என்று இருக்கிறது. அச்சுப்பிழையா? அப்புறம், இது லத்தீன் ‘நோக்திஸ்’, சமஸ்கிருத ‘நக்தம்’ இவற்றுக்கு உறவாம். அப்படியென்றால் ககரம் எங்கே?

பாதிராத்திரி:
அச்சுப்பிழை இல்லை. பொந்தி ஆண்பால், நொஷ்தி பெண்பால். ஈறு ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிட்டீர்கள், நானும் ஏமாந்தவன்தான். நம் ‘அந்த’ பால் காட்டாது, அங்கே காட்டும்: ‘து பொந்தி’, ‘தா நொஷ்தி’. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் தா, து சேர்த்தே படியுங்கள். கடைசி இகரத்தை நீட்டினால் ‘நொஷ்திமீ’ என்றும் ஒரு வடிவம் உண்டு, ஆனால் அது பன்மை.

ஏட்டுச்சுவடி:
ககரத்துக்கு நான். மூல வடிவம் ‘நொக்திஸ்’ போல இருந்தது. லிதுவேனியனில் இன்றும் ‘நக்திஸ்’தான். ஸ்லாவில் இகரத்துக்கு முன் வந்த ‘க்த்’ உருகி ஒரே மெல்லொலியானது. அது பல்கேரியனில் ‘ஷ்த்’, ரஷ்யனில் ‘ச்’, போலிஷிலும் செக்கிலும் ‘த்ஸ்’. சாட்சி உங்கள் பாடநூலிலேயே இருக்கும்: ‘மொகொன்’ என்றால் என்னால் முடியும், அதன் வினையெச்சம் ‘மொஷ்தீ’. ஒன்றில் ககரம் தெரிகிறது, மற்றதில் தகரத்தோடு சேர்ந்து கரைந்துவிட்டது.

உங்கள் பாடநூலில் ‘ஷ்த்’ வந்தது, வேதத்தை இந்த மொழியில் பெயர்த்த சிரில், மெத்தோடியஸ் சகோதரர்களின் ஊரான, கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கிப் பக்கத்துப் பேச்சிலிருந்து. 863 வாக்கில் அவர்கள் மொராவியா (இன்றைய செக் நாட்டுப் பக்கம்) போனார்கள், அங்கே பேச்சில் ‘த்ஸ்’. இந்த மொழியில் எழுதிய கீவ் ஏடுகள் என்று 7 தோல் தாள்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ‘ஷ்த்’ வர வேண்டிய இடத்தில் ‘த்ஸ்’ எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த ‘தவறு’ அதுதான்.

நூல்புழு:
சரி, தா நொஷ்தி. இப்போது நான்காவது, ஆறாவது, ஏழாவது மூன்றுமே ‘நொஷ்தீ’ என்று வருகிறதே?

பாதிராத்திரி:
ஆமாம், மூன்றும் ஒன்றே. முன்னிடைச்சொல்லையும் வினையையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ‘நொஷ்தியொன்’ மட்டும் தனித்து நிற்கும். ரஷ்யனில் ‘இரவில்’ என்பதற்கு இன்றைக்கும் ‘நோச்யு’ என்கிறார்கள், அதே மூன்றாம் வேற்றுமைதான்.