வெளி ஹார்டு டிஸ்க்கை இணைத்தால் ஸ்கஸி கணினி பாதியில் நின்றுவிடுகிறது

கேள்வி:
பழைய மேசைக் கணினியில் 50 ஊசி ஸ்கஸி (SCSI, பல சாதனங்களை ஒரே தொடராகக் கணினியுடன் இணைக்கும் பழைய முறை) கார்டு ஒன்று இருக்கிறது. உள் கேபிளின் நடுவில் ஹார்டு டிஸ்க், ஐடி (சாதனத்தின் அடையாள எண்) 0. முனையில் சிடி டிரைவ், ஐடி 3. இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. இப்போது என் தந்தையின் வெளி ஹார்டு டிஸ்க் கைக்கு வந்திருக்கிறது. அவர் எடுத்த புகைப்படங்கள் அதில் மட்டுமே உள்ளன. இணைத்ததும் சிடி டிரைவ், வெளி டிஸ்க் இரண்டுமே காணாமல் போயின. சிறிய கோப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. உள் கேபிள் சுமார் 80 செ.மீ., வெளி கேபிள் 2 மீட்டர்.

பதில் 1:
வெளி டிஸ்க்கின் பின்புறம் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுவும் 3 ஆக இருக்கும். ஒரே பஸ்ஸில் (எல்லாச் சாதனங்களும் பகிரும் இணைப்பில்) ஒரே ஐடி இரண்டு சாதனங்களுக்கு ஆகாது. 5க்கு மாற்றுங்கள். 7 பெரும்பாலும் கார்டுக்கே உரியது, அதைத் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ஆம், 3 தான்! 5க்கு மாற்றினேன், இரண்டும் தெரிகின்றன. ஆனால் பெரிய கோப்புகளை நகலெடுத்தால் பாதியில் கணினி நின்றுவிடுகிறது. டிஸ்க்கே கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 2:
முதலில் ஒன்று: அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதீர்கள். பஸ் சரியாக இல்லாத நிலையில் எழுதுவதுதான் ஆபத்து. படங்கள் அழிந்தால் அப்படித்தான் அழியும். டிஸ்க்கைக் குறை சொல்ல இன்னும் காரணம் இல்லை.

நான் சந்தேகப்படுவது டெர்மினேட்டரை, அதாவது கம்பியின் முனையில் சிக்னலை அடக்கும் மின்தடையை. ஸ்கஸி பஸ் ஒரு நீண்ட கம்பி. அதன் இரு முனைகளிலும், இரு முனைகளில் மட்டும், டெர்மினேட்டர் இருக்க வேண்டும். முனை திறந்திருந்தால் சிக்னல் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் கலைக்கும். இதுவரை உங்கள் பஸ் சிடி டிரைவில் தொடங்கிக் கார்டில் முடிந்தது. அதனால் கார்டின் டெர்மினேட்டர் இயங்கியது, அது சரியே. வெளியே ஒன்றை மாட்டியவுடன் கார்டு நடுவில் வந்துவிட்டது! முனைகள் இப்போது சிடி டிரைவும் வெளி டிஸ்க்கும். கார்டில் உள்ளது மூன்றாவது டெர்மினேட்டராகி, சாதனங்கள் இழுக்க வேண்டிய மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. சிறிய கோப்புகள் தப்பிவிடும், பெரியவை சிக்கும்.

கணினி தொடங்கும்போது கார்டின் அமைப்புத் திரைக்குள் போய் டெர்மினேஷனை நிறுத்துங்கள். பழைய கார்டானால் ஜம்பராகவோ (ஊசிகளை இணைக்கும் சிறு செருகி), பிடுங்கி எடுக்கும் மின்தடைத் தொகுதியாகவோ இருக்கும். சிடி டிரைவில் உள்ளதை அப்படியே விட்டுவிடுங்கள். வெளி டிஸ்க்கின் காலியான சாக்கெட்டில் டெர்மினேட்டர் செருகியிருக்கிறதா, அல்லது உள்ளேயே சுவிட்ச் உண்டா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் எல்லாவற்றையும் அணைத்த பிறகே.

நீளமும் கவலை தருகிறது. நொடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் மொத்த நீளம் 3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உங்களுடையது 2.8, வெளி டிஸ்க்கின் பெட்டிக்குள் ஓடும் துண்டையும் சேர்த்தால் தாண்டிவிடும். அமைப்புத் திரையில் ஐடி 5 மட்டுமல்ல, எல்லா ஐடிகளின் வேகத்தையும் நொடிக்கு 5 மெகாபைட்டாகக் குறையுங்கள். அப்போது 6 மீட்டர் வரை இடமுண்டு. படங்கள் மெதுவாக வந்தாலும் வந்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, கார்டின் டெர்மினேஷன் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தி, வேகத்தையும் குறைத்தேன். ஒரு இடத்திலும் நிற்காமல் எல்லாப் படங்களும் வந்துவிட்டன. வேறு இரண்டு டிஸ்க்குகளில் நகல் எடுத்து, திறந்தும் பார்த்துவிட்டேன். அவருடைய ஸ்கஸி ஸ்கேனரும் இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா?

பதில் 2:
மிகவும் மகிழ்ச்சி. தாராளமாகச் சேர்க்கலாம். வெளி டிஸ்க்கிலிருந்து ஸ்கேனருக்குக் கேபிள் போகட்டும், ஐடி 6 கொடுங்கள். டெர்மினேட்டரை டிஸ்க்கிலிருந்து எடுத்து ஸ்கேனரில் மாட்டுங்கள். முனை இப்போது அதுதான்.