லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள் வாருங்கள்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர இருபது நாளுக்கு மேல் ஆனது. அதை மனதில் வைத்துத்தான் மாடியில் சோலார் பேனல் போட்ட கையோடு பழைய டியூபுலர் (ஈய-அமில) பேட்டரியைக் கொடுத்துவிட்டு லித்தியம் வாங்கினேன். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் (Ah). அம்மாவுக்கு ராத்திரியில் நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கும், அதனால் எங்களுக்கு இது ஆடம்பரம் இல்லை.

பொருத்த வந்தவர் பழைய பேட்டரியில் இருந்த ஒயரைக் கழற்றிப் புதியதில் மாட்டிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பினார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது மாடிப்படிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. போய்ப் பார்த்தால் பிளஸ் முனையின் சிவப்பு உறை உருகி வழிந்திருந்தது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தை (லக்) பிடித்திருந்த நட்டு தளர்ந்திருந்தது.

ஒரு நட்டுதானே என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்ட பிறகுதான் பயம் வந்தது. வீட்டில் ஆயிரம் வாட் ஓடினால் 12 வோல்ட் பக்கம் 80 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. தளர்ந்த இணைப்பில் ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தாலே போதும், அந்த ஒரு புள்ளியில் 32 வாட் சூடு பிறக்கும். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. இன்வர்ட்டர் இன்னமும் டியூபுலர் அமைப்பிலேயே இருந்தது. என்னுடையது அந்த அமைப்பில் சார்ஜ் ஏற்றும்போது 15 வோல்ட்டைத் தாண்டும். என் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றுக்கு உச்சம் 3.65 வோல்ட், நான்கு செல்லுக்கு 14.6. அதற்கு மேல் போகும்போதெல்லாம் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) துண்டித்துக் காப்பாற்றியிருக்கிறது. பிஎம்எஸ் என்பது கடைசிக் காவல். அதைத் தினமும் வேலை வாங்கக் கூடாது. இப்போது லித்தியம் அமைப்புக்கு மாற்றி 14.2-இல் நிறுத்தியிருக்கிறேன்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

ஏரிப்பாசனம், பாகூர் பக்கம்

எங்களுக்கு வந்தது தண்ணீர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதையாவது சமாளித்தோம். சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை பொங்கி வந்தது பாருங்கள், போர்டிகோவில் முழங்கால் அளவு. 51.2 வோல்ட் பேட்டரி பெட்டி தரையில்தான் இருந்தது, பாதி முழுகிவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் என் தம்பி, "அண்ணே, வெயில்ல ரெண்டு நாள் காய வெச்சுட்டு ஓட்டிப் பார்க்கலாம்" என்றான். நல்லவேளையாக விற்றவருக்கு முதலில் போன் செய்தேன். சார்ஜ் ஏற்றவே கூடாது, வீட்டுக்குள் வைக்கவும் கூடாது என்றார். அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கினால் செல்லுக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் மெல்ல மெல்ல ஷார்ட் ஆகுமாம். அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்தும் பற்றலாம். முதலில் மாடியில் பேனல் சுவிட்சை அணைத்தோம். அவர் அனுப்பிய ஆள் ரப்பர் கையுறையோடு வந்து பெட்டியைக் கழற்றித் தென்னந்தோப்பில் வெட்டவெளியில் வைத்தார்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பக்கம் போனவனுக்குப் பெயின்ட் தின்னர் மாதிரி, கொஞ்சம் இனிப்புக் கலந்த வாடை. யாரையும் கிட்டே விடாமல் 101-க்கு அழைத்தேன். வந்தவர்கள் தள்ளி நின்று நீண்ட நேரம் தண்ணீர் அடித்தார்கள். ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லுக்குத் தாவிக்கொண்டே போகும், மேலே தீ அணைந்த மாதிரி இருந்தாலும் மறுபடி பற்றும், அதனால் நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர வைக்க வேண்டும் என்றார்கள். அதே பெட்டி போர்டிகோவில் இருந்திருந்தால் என்று நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது புதியது சுவரில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கிறது. பழையதை விற்றவரே எடுத்துக்கொண்டார். காயலான் கடையில் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

உப்புக்காற்று, தேவனாம்பட்டினம்

நான் ஒயரிங் வேலை செய்கிறவன். கெடிலக்கரை சார் சொன்ன நட்டு கதையை எங்கள் கடற்கரைப் பக்கம் மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். இங்கே செம்பு லக் சீக்கிரமே பச்சை பூத்துவிடும். தகரம் பூசிய லக் போட்டு, சரியான கருவியால் நசுக்கி, பேட்டரியோடு வரும் தாளில் எழுதியிருக்கும் அளவுக்கு டார்க் (முறுக்குவிசை) ஸ்பேனரால் இறுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்கை நான் தொடவே மாட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச். வீட்டு மாறுமின் (ஏசி) லைனுக்கான எம்சிபியை பேட்டரி லைனில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால் முனை பிரியும்போது பொறி தானாக அறுந்துவிடும். பேட்டரி தரும் நேர்மின்னில் (டிசி) அந்தப் பூஜ்யமே கிடையாது. பொறி அறுபடாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே டிசி என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும், அதிலும் பிளஸ் மைனஸ் குறி இருந்தால் திசை மாறக் கூடாது. ஷார்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும், அதனால் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே டிசி ஃப்யூஸ் ஒன்று கட்டாயம்.

பழைய டியூபுலரை லித்தியத்தோடு சேர்த்து மாட்டித் தரச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள். மாட்டேன்.

வேப்பமரத்தடி, லாஸ்பேட்டை

பாதி விலைக்குக் கிடைத்தது என்று பெயரில்லாத பெட்டி ஒன்றை வாங்கினேன். எட்டு மாதத்தில் ஒரு பக்கம் உப்பிவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், உள்ளே இருப்பது வேறு வண்டியில் ஓடிய பழைய செல்கள், ஒன்றோடொன்று பொருந்தாதவை என்றார். அடுத்த தடவை லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஐஇசி 62619 சான்று காட்டியவரிடம்தான் வாங்கினேன்.

ஒரு சந்தேகம். ஆசிட் வாடை இல்லை என்பதால் என் மச்சான் படுக்கையறையில் வைத்திருக்கிறார். சரியா?

உப்புக்காற்று, தேவனாம்பட்டினம்

வேண்டாம் தம்பி. ஒழுங்காக ஓடும்வரை வாடை இருக்காது, உண்மை. கெட்டுப்போனால் ஹைட்ரஜன் கலந்த, தீப்பிடிக்கும் நச்சுவாயு வரும். தூங்குகிற அறையும் கூடாது, ஓடி வெளியே வர வேண்டிய வழியும் கூடாது. காற்றோட்டம் உள்ள, வெயில் நேராக விழாத இடம் பாருங்கள். மொட்டை மாடித் தகரக் கூரைக்கு அடியிலும் வேண்டாம், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்றுதான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

கெடிலக்கரை, மஞ்சக்குப்பம்

ஓடி வரும் வழி என்று படித்ததும் உறைத்தது. என் பேட்டரி இருப்பது மாடிப்படிக்கு அடியில், அம்மாவின் அறை மாடியில். வரும் ஞாயிற்றுக்கிழமை பின்பக்க வராந்தாச் சுவருக்கு மாற்றுகிறேன். உப்புக்காற்று அண்ணே, அன்றைக்கு வர முடியுமா? ஃப்யூஸையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.