200 கிராம் கல் 199.9368 காட்டுகிறது: கல் தேய்ந்ததா, தராசு கெட்டதா?

குன்னூர்_லேப்:
வணக்கம். தேயிலை பரிசோதிக்கும் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூரில் இருந்த எங்கள் நாலு தசமத் தராசை (220 கிராம் வரை எடுக்கும், 0.1 மி.கி. வரை காட்டும்) மூன்று வாரத்துக்கு முன் குன்னூர் கிளைக்கு மாற்றினோம். காரில் என் மடியில் வைத்தேதான் கொண்டுவந்தேன், எங்கும் இடிபடவில்லை. நேற்று மாதாந்திரச் சோதனைக்காக எஃப்1 வகுப்புக் கற்களை (தராசைச் சோதிக்கும் துல்லியமான எடைக்கற்கள்) வைத்தால் இப்படிக் காட்டுகிறது:

50 கிராம் கல்: 49.9842
100 கிராம் கல்: 99.9684
200 கிராம் கல்: 199.9368

மட்டம் பார்க்கும் குமிழி நடுவில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆன் செய்து வைத்த பிறகே எடுத்தேன். கண்ணாடிக் கதவுகளை மூடி மூன்று முறை வைத்துப் பார்த்தேன், கடைசி இலக்கம் மட்டும் ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆடுகிறது. தட்டு காலியாக இருந்தால் 0.0000.

கற்களுக்குப் போன வருடம் வாங்கிய சான்றிதழ் இருக்கிறது. மேலாளர் "கல்தான் தேய்ந்திருக்கும், திருப்பி அனுப்பு" என்கிறார். எனக்கோ தராசில் உள்ள 'கேல்' (கேலிப்ரேஷன்) பட்டனை அழுத்தி 200 கிராம் கல்லை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கை துறுதுறுக்கிறது. எது சரி?

ஈரக்காற்று:
மலையில் ஈரம் அதிகம். கல்லில் பூஞ்சையோ கை அழுக்கோ படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள்.

மில்லிகிராம்:
அழுக்கு படிந்தால் எடை கூடுமே தவிர எப்படிக் குறையும்? சான்றிதழ் உள்ள கல்லைக் காரணமில்லாமல் தேய்க்கவும் வேண்டாம், தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

தம்பி, பட்டனை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் எண்களைப் பாருங்கள். 50-ல் 15.8 மி.கி. குறைவு, 100-ல் 31.6, 200-ல் 63.2. அப்படியே இரட்டிப்பு, இரட்டிப்பு. மூன்று தனித்தனிக் கற்கள் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே விகிதத்தில் தேயுமா? எடைக்கற்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஓஐஎம்எல் அமைப்பின் கணக்குப்படி 200 கிராம் எஃப்1 கல்லுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 1 மி.கி.தான். 63 மி.கி. தேய வேண்டுமென்றால் அரம் வைத்து ராவ வேண்டும்.

கல் சரி. தராசும் கெடவில்லை. நீங்கள் ஏறிய மலைதான் காரணம்.

குன்னூர்_லேப்:
புரியவில்லை சார். நிலாவுக்குப் போனால் எடை குறையும் என்று படித்திருக்கிறேன். குன்னூருக்கு வந்தாலுமா?

மில்லிகிராம்:
வந்தாலும்தான். வீட்டுத் தராசில் தெரியாது, நாலு தசமத்தில் பளிச்சென்று தெரியும்.

உங்கள் தராசுக்கு நிறை என்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. தட்டு கீழே இறங்காமல் தாங்கிப்பிடிக்க அந்தச் சுருளுக்கு எவ்வளவு கரண்ட் தேவை என்று பார்த்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. அதாவது அளப்பது விசையை. இத்தனை கரண்ட் என்றால் இத்தனை கிராம் என்று கோயம்புத்தூரில் யாரோ கல் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாடம் கோயம்புத்தூரின் ஈர்ப்புக்கு மட்டும்தான் பொருந்தும்.

கணக்கு: கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர், குன்னூர் சுமார் 1850. ஏற்றம் 1440 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்தால் 1000 மீட்டருக்கு ஈர்ப்பு 0.03 சதவீதம் போலக் குறையும். 200 கிராமுக்கு 90 மி.கி. வரை வரும்.

குன்னூர்_லேப்:
ஆனால் எனக்கு 63தானே குறைகிறது?

மில்லிகிராம்:
நல்ல கேள்வி. நீங்கள் பலூனில் மிதக்கவில்லை, காலுக்குக் கீழே நீலகிரி இருக்கிறது. அந்தப் பாறையும் கல்லைக் கீழே இழுக்கிறதல்லவா? மலையை 1440 மீட்டர் கனமுள்ள பாறைப் பலகையாக நினைத்துக் கணக்குப் போட்டால் குறைவு 58 மி.கி.க்கு வந்துவிடும். நிஜ மலை பலகை இல்லை, அதனால் உண்மை 58-க்கும் 90-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். அப்புறம் மேலே காற்றும் மெலிது. காற்று கல்லை மேலே தள்ளித் தாங்கும் மிதப்பு குறைவதால் எஃகுக் கல் சுமார் 4 மி.கி. கூடுதலாகவே காட்டும். எல்லாம் சேர்ந்து 63 என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பழைய_தட்டு:
நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரட்டைத் தட்டுத் தராசுதான். இடது பக்கம் சாம்பிள், வலது பக்கம் கல். ஈர்ப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும், முள் அசையாது. ஊட்டிக்குத் தூக்கிப்போனாலும் ஒரே எடைதான். ஒரு எடை எடுக்க பத்து நிமிடம் ஆகும், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது வேறு விஷயம்.

மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள்: கல்லின் சான்றிதழில் ஒரு சங்கிலி இருக்கிறது. உங்கள் எஃப்1 கல்லை அதைவிட உயர்ந்த கல்லோடு ஒப்பிட்டிருப்பார்கள், அதை அதற்கும் மேலானதோடு. அப்படியே போனால் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் கிலோகிராம் வரை போகும். 2019 மே 20 முதல் அதற்கும் மேலே பிளாங்க் மாறிலி உட்கார்ந்திருக்கிறது, கிலோகிராமை இப்போது வரையறுப்பது இயற்கையின் அந்த மாறாத எண்தான். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் மலையேறினால் மாறாது.

நகைத்தராசு:
இடையில் ஒரு சந்தேகம். அப்படியென்றால் கீழே செட் பண்ணிய தராசை மேலே கொண்டுபோய் நகை நிறுத்தால்?

மில்லிகிராம்:
ஒரு பவுனுக்கு இரண்டரை மி.கி. குறைத்துக் காட்டும். வாங்குகிறவருக்கு லாபம். சரி, இழைக்கு வருவோம்.

தம்பி, பட்டனைத் தொடாதீர்கள் என்று சொன்ன காரணம் இதுதான். 'கேல்' பட்டன் செய்வது கேலிப்ரேஷன் இல்லை, தராசைத் திருத்துவது. கேலிப்ரேஷன் என்றால் எவ்வளவு பிழை இருக்கிறது என்று கண்டு எழுதிவைப்பது. திருத்திவிட்டால் பழைய பிழை அழிந்துபோகும். மூன்று வாரமாக நீங்கள் கொடுத்த ரிப்போர்ட்டுகளை அப்புறம் எதை வைத்துச் சோதிப்பீர்கள்? திருத்தும் முன் இருந்த எண்களைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இந்த மூன்று வாரத்தில் என்னென்ன சோதனை செய்தீர்கள்?

குன்னூர்_லேப்:
ஈரப்பதம் (103 டிகிரியில் உலர்த்துவது), மொத்தச் சாம்பல் (தேயிலையைச் சுட்டால் எத்தனை சதவீதம் சாம்பலாக மிஞ்சுகிறது என்பது). இரண்டு மட்டும்தான்.

மில்லிகிராம்:
ஈரப்பதம் பிரச்சினை இல்லை. இழந்த எடையை எடுத்த எடையால் வகுக்கிறீர்கள். மேலும் கீழும் ஒரே 0.03 சதவீதப் பிழை, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சாம்பலும் அப்படியே தப்பிக்கும், காலி மூசையையும் (சாம்பிளை வைத்துச் சுடும் கிண்ணம்) குன்னூரிலேயே எடை போட்டிருந்தால். போட்டீர்களா?

குன்னூர்_லேப்:
(ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன்.) இல்லை சார். பீங்கான் மூசைகளுக்கு நம்பர் போட்டு, காலி எடையை ஜூனில் கோயம்புத்தூரிலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் காலி மூசையை ஃபர்னஸில் சுட்டு ஆறவைக்க அரை நாள் போகிறது என்று அதையே எடுத்துக்கொண்டோம். நான்தான் எடுத்தேன்.

அதில் 7-ஆம் நம்பர் மூசையில் வைத்த ஒரு சாம்பிள் 3.96 சதவீதம் வந்தது. குறைந்தது 4 வேண்டும், அதனால் ஃபெயில் என்று எழுதி வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் இன்னும் வெளியே போகவில்லை.

மில்லிகிராம்:
போகவில்லையே, அது போதும். 'கேல்' அழுத்தும் முன் 7-ஆம் மூசையைக் காலியாகச் சுட்டு, ஈரம் ஏறாத டெசிகேட்டர் ஜாடியில் ஆறவைத்து, அதே தராசில் போடுங்கள். நோட்டில் உள்ளதையும் இங்கே எழுதுங்கள்.

குன்னூர்_லேப்:
நோட்டில்: 25.1374
இன்று: 25.1306
அந்தச் சாம்பிள் 5.0120 கிராம். சுட்ட பிறகு மூசையும் சாம்பலும் சேர்ந்து 25.3359.

மில்லிகிராம்:
நோட்டு எடையைக் கழித்தால் சாம்பல் 0.1985, அதாவது 3.96 சதவீதம். இன்றைய எடையைக் கழித்தால் 0.2053, அதாவது 4.10. ஏழே ஏழு மில்லிகிராம். 25 கிராம் மூசையில் அது ஒன்றுமில்லை, கால் கிராம்கூட இல்லாத சாம்பலில் அதுதான் பாஸும் ஃபெயிலும்.

ஈரக்காற்று:
ஒரு நிமிடம். உங்கள் விகிதப்படி 25.1374-க்கு 7.9 மி.கி. குறைய வேண்டும். 6.8தான் குறைந்திருக்கிறது?

மில்லிகிராம்:
கூர்மையான கண். பீங்கான் எஃகைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்கு அதிக இடம் அடைக்கும். காற்று மெலிந்தால் அதற்குக் கிடைக்கும் மிதப்புக் குறைவும் அதிகம். ஒரு மி.கி. போல வித்தியாசம் அங்கிருந்து வரும். ஆனால் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று சத்தியம் செய்யமாட்டேன், மூசையும் சுடச் சுட ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தேயும். அதனால்தான் பழைய எண்ணை விகிதத்தால் பெருக்கித் திருத்தி ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது. எடுத்துவைத்த சாம்பிளில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

வரிசை இது: மற்ற மூசைகளையும் இதே மாதிரி காலியாக எடை போட்டு எழுதுங்கள். கற்கள் அறை வெப்பத்துக்கு வர இரவு முழுக்கத் தராசு பக்கத்திலேயே இருக்கட்டும். காலையில் இடுக்கியால் எடுத்து 200 வைத்து 'கேல்'. பிறகு 50, 100, 200 மூன்றையும் மறுபடி பாருங்கள். கோயம்புத்தூரில் வாங்கிய தராசுச் சான்றிதழை இங்கே நம்ப முடியாது, கேலிப்ரேஷன் செய்பவர்களைக் குன்னூருக்கே வரச்சொல்லுங்கள். தராசைக் கீழே அனுப்பிச் செய்து வாங்கினால் மறுபடி இதே கதை.

பழைய_தட்டு:
ஜூன் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதே தம்பி. ஒரு கோடு அடித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போடு.

குன்னூர்_லேப்:
நாலு நாள் கழித்து வருகிறேன். திருத்திய பிறகு 50.0000, 100.0001, 200.0001. 7-ஆம் மூசையில் சாம்பிளை இரண்டு முறை செய்தேன்: 4.11, 4.09. மற்ற மூசைகளில் போட்ட ஆறு சாம்பிள்களும் 5-க்கு மேலேதான் இருந்தன, பாஸ் மாறாது. ஆனால் மூன்று ரிப்போர்ட் ஏற்கெனவே போய்விட்டது, அவற்றைத் திருத்தி அனுப்பவேண்டும் என்று மேலாளர் தொழிற்சாலைகளுக்கு போன் செய்துகொண்டிருக்கிறார். கல்லைத் திருப்பி அனுப்பக் கட்டிவைத்த பெட்டியை நானே பிரித்துவிட்டேன்.