எஸ்.ஏ.-517 தகடு: 20 மி.மீ. பி.கியூ.ஆர். 12 மி.மீ.க்குச் செல்லுமா?

கேள்வி (துவாக்குடி)

வணக்கம். அழுத்தக் கலன் ஒன்றுக்காக எஸ்.ஏ.-517 கிரேடு எஃப் எனும் உயர்வலிமை எஃகுத் தகட்டைக் கையால் ஆர்க் வெல்டிங் செய்ய வேண்டியுள்ளது. 20 மி.மீ. கூப்பனில் (சோதனைக்காகப் பற்றவைக்கும் தகட்டில்) இழுவிசை, வளைவு, சார்பி இம்பாக்ட் (திடீர் அடியைத் தாங்கும் திறன்) ஆகிய மூன்று சோதனைகளும் தேறிய பி.கியூ.ஆர்., அதாவது வெல்டிங் முறையின் தகுதிச் சோதனைப் பதிவு, எங்களிடம் இருக்கிறது. வெல்டிங் தகுதிக்கான ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பின் செக்‌ஷன் 9-இல் உள்ள கியூ.டபிள்யூ.-451.1 அட்டவணைப்படி அது 5 முதல் 40 மி.மீ. வரை செல்லும். ஆயினும் 12 மி.மீ. இணைப்புக்கு அதை ஏற்க ஆய்வாளர் மறுக்கிறார். அதற்கு விதியில் இடமுண்டா?

மறுமொழி (திருவெறும்பூர்)

இடமுண்டு ஐயா. அந்த அட்டவணை இம்பாக்ட் கேட்கப்படாத வேலைக்கு மட்டுமே முழு விடை. கலனுக்குரிய செக்‌ஷன் 8 இம்பாக்ட் கேட்கும்போது துணை முக்கிய மாறிகளும் (இம்பாக்ட் வேலைக்கு மட்டும் கூடுதலாகக் கட்டுப்படுத்த வேண்டிய அம்சங்களும்) சேர்ந்துகொள்கின்றன. அவற்றுள் கியூ.டபிள்யூ.-403.6, கூப்பனின் தடிமன் அல்லது 16 மி.மீ., இவற்றில் எது குறைவோ அதையே கீழெல்லையாக வைக்கிறது. ஆகவே உங்கள் பி.கியூ.ஆர். 16 முதல் 40 மி.மீ. வரை மட்டுமே செல்லும்.

இந்த எல்லைக்குக் காரணமும் உண்டு. குவென்ச் செய்து (சூடாக்கி விரைவாகக் குளிர்வித்து) டெம்பர் செய்யப்பட்ட (மீண்டும் மிதமாகச் சூடாக்கப்பட்ட) இந்த எஃகு, 690 மெகாபாஸ்கல் ஈல்டு வலிமையையும் (நிரந்தரமாக வளையத் தொடங்கும் வரை தாங்கும் வலிமையையும்) முறிவைத் தாங்கும் தன்மையையும் அந்த வெப்பச் செயல்முறையிலிருந்தே பெறுகிறது. மெல்லிய தகட்டில் வெல்டிங் சூடு விரைவாக வெளியேற வழியில்லாததால், வெல்டை ஒட்டிய பகுதி மெதுவாகக் குளிர்ந்து, அங்கே சார்பி மதிப்பு சரிந்துவிடக்கூடும்.

ஆனாலும் எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்யத் தேவையில்லை. இழுவிசையும் வளைவும் 12 மி.மீ.க்கு ஏற்கெனவே செல்லுபடியாவதால், அதே முக்கிய மாறிகளோடு, இம்பாக்ட் மாதிரிகள் எடுக்கப் போதுமான நீளத்தில், 12 மி.மீ. கூப்பன் ஒன்றை மட்டும் கூடுதலாகப் பற்றவைத்தால் போதும் என்று கியூ.டபிள்யூ.-401 இடம் தருகிறது.

மறுமொழி (தஞ்சாவூர்)

மேலே சொன்னது சரியே. கூப்பனை எந்த நிலையில் பற்றவைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். செங்குத்தாகக் கீழிருந்து மேலே ஏற்றிப் பற்றவைத்தால் எல்லா நிலைகளுக்கும் அது செல்லும். ஆனால் அந்நிலையில் வெல்டர் எலக்ட்ரோடைப் பக்கவாட்டில் அசைத்து வீவிங் செய்வதால் வேகம் குறைந்து, சூடு ஏறுகிறது. 25 வோல்ட், 130 ஆம்பியர், நிமிடத்துக்கு 120 மி.மீ. வேகம் என்றால் மில்லிமீட்டருக்கு 1.63 கிலோஜூல் வருகிறது. அதே வோல்ட், ஆம்பியரில் வேகம் 100 மி.மீ. ஆனால் 1.95 ஆகிவிடும். பி.கியூ.ஆரில் பதிவான அளவை மீறிச் சூடு கொடுக்கக் கூடாது என்று கியூ.டபிள்யூ.-409.1 தடுப்பதால், கூப்பனிலேயே மிகக் குறைந்த சூட்டைப் பதிந்துவிட்டால் தளத்தில் வெல்டருக்குக் கை கட்டியதுபோல் ஆகிவிடும். என் கருத்தில், சார்பி மாதிரி எடுக்கும் இடத்தின் ஒவ்வொரு பாஸுக்கும் (வெல்டு அடுக்கு ஓட்டத்துக்கும்) வேகத்தை அளந்து எழுதிவைப்பதே இந்த வேலையின் உயிர்நாடி.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எங்கள் இணைப்புகளில் செங்குத்து நிலையும் வருவதால் அந்நிலையிலேயே கூப்பனைப் பற்றவைக்கிறோம். ஐப்பசி மழைக்காலத்தில் வேலை நடக்கும் என்பதால் ஈ11018-எம் எலக்ட்ரோடு பற்றிக் கவனிக்க வேண்டியது உண்டா?

மறுமொழி (திருவெறும்பூர்)

உண்டு. டப்பா பிரித்ததும் சூடான ஓவனுக்குள் வைத்து, சிறிது நேரத்துக்குத் தேவையானதை மட்டும் வெல்டரிடம் கொடுங்கள். ஈரம் இழுத்த எலக்ட்ரோடு தரும் ஹைட்ரஜன், வெல்டு முடிந்து நெடுநேரம் கழித்தே விரிசலாக வெளிப்படும். எஃகுக் கட்டமைப்பு வெல்டிங்குக்கான ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 விதித்தொகுப்பு இந்த எஃகுக்கு 48 மணி நேரம் கழிந்த பின்னரே ஆய்வு செய்யச் சொல்கிறது. உங்கள் வேலைக்கு அந்த விதித்தொகுப்பு பொருந்தாவிட்டாலும் அதே இடைவெளியைக் கடைப்பிடியுங்கள்.