லிங்க் இருக்கிறது, பிங் இல்லை: சர்வர் நெட்வொர்க் கார்டுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆபீசில் கோப்புகளைப் பகிர்வதற்கென்று ஒரு பழைய சர்வர், அதில் டெபியன் 12 லினக்ஸ், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 6.1. மூன்று வாரமாக ஒரே தலைவலி. இரவு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) பேக்கப் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், போர்டிலேயே இருக்கும் ஈதர்நெட் கார்டு பேச்சுமூச்சில்லாமல் ஆகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையும் லிங்க் இருக்கிறது, வேகம் 1000 எம்பிபிஎஸ் என்றுதான் சொல்கிறது. ரவுட்டருக்கு பிங் அடித்தால் மட்டும் பதிலே இல்லை.

கெர்னல் லாகில் "டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்டு அவுட்" என்று, கார்டு தேங்குகிறதா எனக் கவனிக்கும் வாட்ச்டாக் கத்தியிருக்கிறது. அதாவது அனுப்பக் கொடுத்த பாக்கெட்டுகள் வரிசையிலேயே கிடக்கின்றன. இன்டர்ஃபேஸை டவுன் செய்து அப் செய்தால் பயனில்லை. டிரைவர் மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றினால் உயிர் வருகிறது. போன செவ்வாய் அதுவும் பலிக்கவில்லை, ரீபூட்டுக்கும் மசியவில்லை. பவர் கேபிளையே பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுச் செருகியபின்தான் எழுந்தது.

கேபிள், சுவிட்ச் போர்ட் இரண்டையும் மாற்றியாயிற்று. ஈத்டூலில் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பெரிய தரவைப் பாக்கெட்டுகளாக வெட்டுவதைக் கடைசிவரை தள்ளிப்போடும் வசதிகள்) இரண்டையும் நிறுத்தியதும் நான்கு நாள் ஒழுங்காக ஓடியது. சரி, ஒழிந்தது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் மறுபடி அதே கதை.

அடுத்து பூட் லோடரான கிரப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஏஎஸ்பிஎம்மை (மின்சேமிப்பு வசதி) நிறுத்திப் பார்க்கலாமா, இல்லை பேக்போர்ட்ஸிலிருந்து (இருக்கும் டெபியனுக்கே புதிய மென்பொருள் தரும் களஞ்சியம்) புதுக் கெர்னல் போடலாமா? வேறு கார்டு வாங்கிச் செருகச் சொல்கிறார் மேலாளர். இருப்பது ஒரே ஸ்லாட், அதில் ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு உட்கார்ந்திருக்கிறது. இதே தொல்லையைப் பட்டவர்கள் முதலில் எதை மாற்றினீர்கள்? முழு லாகும் வைத்திருக்கிறேன், கேட்டால் போடுகிறேன்.