சட்டையில் மாட்டும் பாட்டுக் கருவி: குடும்பக் குழுவில் ஒரு காலை

கயல்: மாமா, ஓடும்போது கைப்பேசி பெரும் சுமையாக இருக்கிறது. சட்டையில் கிளிப் போல மாட்டிக்கொள்ளும் சிறிய எம்பி3 பிளேயர் வாங்கலாமா? நீங்கள் பல ஆண்டுகள் வைத்திருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

மாமா: தாராளமாக வாங்கு அம்மா. ஆனால் அது எவ்வளவு சிறியது என்று பார்ப்பதற்கு முன், பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று பார். 2006-இல் வந்த, ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் ஷஃபிள் என்ற கிளிப் பிளேயரில் திரை இல்லாவிட்டாலும், வட்டமாக அமைந்த பொத்தான்களை விரலால் தடவியே பாட்டை மாற்றிவிடலாம். 2009-இல் அதை மேலும் சிறிதாக்குவதற்காக அந்தப் பொத்தான்களை இயர்போன் கம்பிக்கு மாற்றினார்கள். அதனால் சாதாரண இயர்போனைச் செருகியவர்களுக்குப் பாட்டு கேட்டதே தவிர, ஒலியைக் கூட்டவோ அடுத்த பாட்டுக்குப் போகவோ வழியில்லாமல் போயிற்று. 2010-இல் பொத்தான்கள் கருவிக்கே திரும்பி வந்தன.

அண்ணன்: திரை இல்லையென்றால் வேண்டிய பாட்டை எப்படித் தேடுவது?

மாமா: தேட முடியாது, தம்பி. ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். ஓடுகிறவருக்கு அது பெரிய குறையில்லை. நீண்ட உரைகளைக் கேட்பவருக்கு, விட்ட இடத்தைப் பிடிப்பது மிகவும் கடினம்.

அத்தை: எடை தெரியாததே அதன் சிறப்பு, ஆபத்தும் அதுவே. சட்டையில் இருந்ததை மறந்து நான் ஒன்றைத் துவைத்தே விட்டேன். பிறகு அது பாடவே இல்லை.

அண்ணன்: கயல், நீ பாட்டெல்லாம் செயலியில்தானே கேட்கிறாய்? அங்கே பதிவிறக்கியவை பெரும்பாலும் அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும். இப்படிப்பட்ட பிளேயருக்கு மாற்ற முடியாது.

மாமா: அண்ணன் சொல்வதுதான் இன்றைக்கு முதன்மையான தடை. உன்னிடம் எம்பி3 கோப்புகளாகவே பாட்டுகள் இருக்க வேண்டும். இருந்தால் இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே. 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு 128 கிலோபிட் தரவு) தரத்தில் 1 ஜிபிக்குள் சுமார் 17 மணி நேரப் பாட்டு அடங்கும்.

கயல்: பழைய குறுந்தகடுகளிலிருந்து அப்பா எடுத்து வைத்த கோப்புகள் கணினியில் இருக்கின்றன, மாமா. ஓடுவதற்கு அவையே போதும்.

மாமா: அப்படியானால் வாங்கிவிடு. இயர்போன் துளை வழியாகவே சார்ஜ் ஏறும் வகை என்றால், சார்ஜ் ஏறும்போது பாட்டு கேட்க முடியாது. இரவிலேயே செருகி வைத்துவிடு.