டர்டில் டோர் சுற்றுநடை: பாறை விளிம்பில் வேலி வேண்டுமா?

செல்வி_ரெடிங்:
இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையில், லல்வொர்த் குடாவில் கிளம்பி டர்டில் டோர் என்ற இயற்கைப் பாறை வளைவைத் தாண்டி பேட்ஸ் ஹெட் முனை வரை பாறை மேலேயே நடந்தோம். அப்புறம் உள்பக்கம் வயல்வெளி வழியாகத் திரும்பினோம். அழகுக்குக் குறையே இல்லை. ஆனால் பல இடங்களில் விளிம்பில் ஒரு கயிறுகூட இல்லை. 2001-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கரை, கோடையில் அப்படிக் கூட்டம். வேலி போடாமல் விட்டிருப்பது அலட்சியம் என்பேன்.

மேட்டுப்பாதை:
வேலியை எதில் நடுவீர்கள் அக்கா? பேட்ஸ் ஹெட் பக்கம் எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. புல் விளிம்பு வரை பச்சையாக இருக்கும். அடுத்த திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தால்தான், அந்தப் புல்லுக்கு அடியில் பாறையே இல்லாமல் வெறும் மண் தொங்குவது தெரியும். 2013 ஏப்ரலில் செயின்ட் ஆஸ்வால்ட்ஸ் குடாவுக்கு மேலே பாதையே சரிந்து விழுந்தது. அப்படிச் சரியும் இடத்தில் வேலியும் சேர்ந்துதான் விழும். கம்பி இருக்கிறதே என்று நம்பி ஆட்கள் அதில் சாய்ந்து நிற்பார்கள், அதுதான் என் பயம். பாதையை உள்ளே தள்ளிப் போடுவதே வழி. விளிம்பு அரிக்கப்பட்டால் பாதையைப் பின்னுக்கு நகர்த்த 2009 கடலோரச் சட்டமே இடம் தருகிறது.

கரையோரம்:
இந்த வம்பே வேண்டாம். மேன் ஓ வார் கடற்கரையில் இறங்கிக் கீழேயே இருந்துவிட்டு வரலாமே?

மேட்டுப்பாதை:
பாறையை ஒட்டி மட்டும் உட்காராதீர்கள். கல் விழுவது அங்கேதான். மழைக்குப் பிறகு இன்னும் மோசம்.

செல்வி_ரெடிங்:
பாதையை நகர்த்தட்டும், எனக்கும் சம்மதம். ஆனால் படம் எடுக்க வருகிறவர் பாதையிலா நிற்கிறார்? 2020 மே மாதம் அந்த வளைவின் மேலேறிக் கடலில் குதித்தவர்களுக்குப் பலத்த அடி. ஹெலிகாப்டரே கரையில் இறங்க வேண்டியிருந்தது.

மேட்டுப்பாதை:
வளைவு மேலேயே ஏறுகிறவரை இடுப்பளவு வேலி தடுக்குமா? இன்னொன்றும் இருக்கிறது. வெளியே கடல் பக்கம் கெட்டியான போர்ட்லேண்ட் சுண்ணாம்புக்கல், உள்ளே மெத்தென்ற களிமண். கடல் அந்தக் கல்லை உடைத்து, களிமண்ணைக் குடைந்ததால்தான் லல்வொர்த் குடாவே உண்டானது. அரிப்பு இந்தக் கரையின் இயல்பு. நாம்தான் ஒதுங்கி நடக்க வேண்டும்.

செல்வி_ரெடிங்:
பெரியவர்கள் ஒதுங்குவார்கள் தம்பி, ஐந்து வயதுக் குழந்தை ஒதுங்குமா? கார் நிறுத்தத்திலிருந்து வளைவு வரைக்குமான வழியில்தான் குடும்பங்கள் குவிகின்றன. அங்கேயாவது விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு தடுப்பு வேண்டும். ஸ்வைர் ஹெட் ஏற்றத்துக்கு அப்பால் நீங்கள் சொல்வது போல விட்டுவிடலாம்.

மேட்டுப்பாதை:
தள்ளிப் போடுவதென்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பேட்ஸ் ஹெட் பக்கம் ஒரு கம்பிகூட வேண்டாம்.